பிரசவ அறையில் தீட்டு எது?

பிள்ளை பெற்றவளைத் தீட்டுடையவளென்று ஒதுக்கி, அவளுக்குத் துணைநின்ற மருத்துவச்சியை இழிகுலத்தாளென்று வாசலில் நிறுத்திய வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலம் இருந்ததை அன்பர்கள் அறிவார்கள். பிரசவ அறையின் மெய்யான தீட்டு எது, அது எவர் கையில் இருந்தது என்பதை வியன்னா நகரத்துச் சரித்திரம் ஐயமறக் காட்டுகின்றது.

அந்நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் பிரசவ விடுதிகள் இரண்டு இருந்தன. முதல் விடுதியில் வைத்தியர்களும் அவர்தம் மாணவரும், இரண்டாம் விடுதியில் மருத்துவச்சிகளும் பணிபுரிந்தனர். 1846-ஆம் ஆண்டில் முதல் விடுதியில் பிள்ளைபெற்றோருள் நூற்றுக்கு 11.4 பேர் மாண்டனர். இரண்டாம் விடுதியிலோ 2.8 பேரே. கொன்றது பெரும்பாலும் பிரசவ ஜுரம். முதல் விடுதியில் தம்மைச் சேர்க்க வேண்டாமென்று ஏழைப் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினர். பேரேட்டோடு பழகும் நாம் ஒன்று சொல்வோம்: உண்மை கணக்கேட்டிலேயே இருந்தது, அதைப் படித்துக் காரணம் கேட்பாரே அரியர்.

கற்றோரில் பலர் கெட்ட காற்றே காரணமென்றனர். சாகக்கிடப்போரிடம் செல்லும் பாதிரியாரின் மணியொலி எழுப்பும் அச்சமே காரணம் என்றும் ஒரு கருத்து நிலவியது. 1846-இல் அங்கு உதவி வைத்தியராக அமர்ந்த இக்னாஸ் செம்மல்வைஸ், அம்மணியை நிறுத்தச் செய்து பார்த்தார், சாவு குறையவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா, பிணச் சோதனையின்போது மாணவனொருவனின் கத்தி விரலிற்பட்டு, பிரசவ ஜுரத்தை ஒத்த நோயால் இறந்தார். செம்மல்வைஸுக்கு அப்போது உண்மை புலப்பட்டது. பிணத்தை அறுத்த கையை நன்கு தூய்மை செய்யாமலே வைத்தியர்கள் கருவுற்ற பெண்களைத் தொட்டனர். மருத்துவச்சிகளோ பிணத்தைத் தொடுவதில்லை. அவ்வாண்டு மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவியே எவரும் உள்ளே வரவேண்டுமென்று அவர் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேலிருந்த சாவு, ஜூனில் இரண்டளவாகத் தாழ்ந்தது. தாயைக் கொன்ற நோயே சிசுவையும் கொன்றதென்பதையும் அவர் கண்டு கூறினார்.

தம் கை அசுத்தமென்பதைப் பெரிய மனிதர் பலர் பொறுக்கவில்லை. 1849-இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. 1865-இல் பைத்தியசாலையொன்றில் மாண்டார். 1879-இல் பாஸ்டர் அந்த ஜுரத்தின் கிருமியை எடுத்துக் காட்டினார்.

ஆகவே, தீட்டு குலத்திலில்லை, தாய்மையிலுமில்லை, கழுவாத கையிலேதான் உண்டு. தாயைத் தொடுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதல், கொதிக்கவைத்த கருவியால் கொடியறுத்தல், கொப்பூழில் சாம்பலோ சாணமோ பூசாதிருத்தல், சீம்பாலைப் பீய்ச்சி எறியாமல் முதல் மணிநேரத்திலேயே சிசுவுக்கு ஊட்டுதல் ஆகிய இவையே அறிவுடையார் செய்யும் சடங்கு. தாய்க்கு ஜுரமோ மிகுந்த உதிரப்போக்கோ கண்டால், விபூதிக்கு ஆளனுப்பிக் காத்திராமல், அந்நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுக. விதியென்று நாம் அழுத சாவுகளுள் எத்தனை, ஒரு சட்டித் தண்ணீரால் தடுக்கக் கூடியவையாய் இருந்தன!