தேர்தல் இல்லாக் காலத்து வேலை

காவிரி நாட்டில் பிறந்தோர்க்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுமாயின், வாய்க்கால்களில் தூர் எடுக்கும் வேலை அதற்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். தண்ணீர் தலைமடைக்கு வந்த பின்னர் மண்வெட்டியைத் தேடுகின்றவன் கடைமடையைக் காயவிடுவான். அரசியல் ஸ்தாபனங்களின் சரித்திரத்திலும் இவ்விதியே செல்லுகின்றது. பெருங்கட்சிக்குத் தேர்தல் காலத்து ஆரவாரம் ஓரளவு கைகொடுக்கலாம். தொகையிற் சிறியோரின் கட்சிக்கோ, ஒரு தேர்தல் முடிந்த நாளுக்கும் மறு தேர்தல் அறிவிக்கப்படும் நாளுக்கும் இடையிலுள்ள ஆண்டுகளே உயிர்நிலையாகும்.

நம் சங்கத்து அங்கத்தினருள் பல கட்சியினரும் உளர். யாருக்கு வாக்களிப்பது என்று கூறுதல் இவ்விதழின் வேலையன்று. எனினும், கூத்தாநல்லூர் முதலிய ஊர்களில் வாழும் நம் இராவுத்தர் சமூகத்தாரின் பொதுவாழ்வோடு முஸ்லிம் லீக்கின் வரலாறு நெருங்கிப் பிணைந்துள்ளது. அவ்வரலாற்றில் ஒவ்வோர் அங்கத்தினரும், அவர் எக்கட்சியினராயினும், கற்றுக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. அதனை இங்கே சுருங்க ஆராய்வோம்.

1906-ஆம் ஆண்டு டிசம்பரில் டாக்கா நகரில் அகில இந்திய முஸ்லிம் லீக் தோன்றிற்று. 1909-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வழங்கிற்று. அதாவது, முஸ்லிம் ஸ்தானத்திற்கு முஸ்லிம் வாக்காளரே பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பர். இம்முறை 1919, 1935 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களிலும் தொடர்ந்தது. சிதறிக் கிடந்த மக்களைச் சட்டமே ஒரு பட்டியலில் ஒன்றுகூட்டி வைத்தமையால், அக்காலத்தில் அமைப்பு வேலையின் பாதியை அரசாங்கமே செய்துவிட்டது எனலாம்.

அப்படியிருந்தும் மற்றப் பாதி வேலையின்றி வெற்றி கிட்டவில்லை என்பதற்குச் சென்னை மாகாணமே சான்று. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் 215 ஸ்தானங்கள் கொண்ட சென்னைச் சட்டசபையில் முஸ்லிம்களுக்கு 28 ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றுட் பாதியைக்கூட லீக் பெறவில்லை. 1946-ஆம் ஆண்டிலோ அந்த 28-ஐயும் லீக்கே கைக்கொண்டது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் நாட்டின் அரசியலே மாறிற்று என்பது உண்மை. 1940-ஆம் ஆண்டின் லாகூர் தீர்மானமும் அதன் பின் எழுந்த கிளர்ச்சியும் அம்மாறுதலில் முதலிடம் பெறுவன. ஆயினும் அமைப்பு வேலையை நாம் மறத்தலாகாது. 1937 அக்டோபரில் லக்னோ மகாநாட்டில் அங்கத்தினர் சந்தா இரண்டு அணாவாகக் குறைக்கப்பட்டது. அதுவரை வக்கீல்களும் மிராசுதாரர்களும் கூடிய சபைக்குள் கடைச் சிப்பந்தியும் நெசவாளியும் நுழைய அந்த இரண்டு அணா வாயில் திறந்தது. 1941 ஏப்ரலில் அகில இந்திய மகாநாடு சென்னையிலேயே கூடிற்று. தஞ்சை ஜில்லாவிற் பிறந்த பா. தாவூத் ஷா சாஹிபின் 'தாருல் இஸ்லாம்' பத்திரிகை எளிய தமிழில் சமூகச் செய்திகளை ஊர்தோறும் கொண்டு சென்றது.

பின்னர் 1947 வந்தது. நாடு இரண்டாயிற்று. இந்தியாவில் தங்கிய முஸ்லிம்களின் மீது ஐயப்பார்வை விழுந்தது. கட்சியைக் கலைத்துவிடுக என்று அறிவுரை கூறினோர் பலர். விலகிச் சென்றோரும் பலர். அந்நிலையில் 1948 மார்ச் 10-ஆம் தேதி, இப்பொழுது ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னை மாளிகையில் கூடிய கூட்டத்திலே, கலைப்பதா தொடர்வதா என்னும் வினா விவாதிக்கப்பட்டு, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்னும் பெயரில் தொடர்வதென முடிவாயிற்று. திருநெல்வேலிப் பேட்டையிற் பிறந்தவரும் சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராய் விளங்கியவருமான முகம்மது இஸ்மாயில் சாஹிப் அதன் முதல் தலைவரானார். காயிதெ மில்லத் என்று மக்கள் அவரை வழங்கினர்.

அடுத்த ஆண்டே பெரியதொரு மாறுதல் நிகழ்ந்தது. தனித் தொகுதி முறை முன்னரே கைவிடப்பட்டிருந்தது. 1949 மே மாதத்தில் சமயச் சிறுபான்மையோர்க்கான ஸ்தான ஒதுக்கீட்டையும் அரசியல் நிர்ணய சபை நீக்கிற்று. காயிதெ மில்லத் அச்சபையில் வாதாடியும் பயனில்லை. இனி ஒவ்வொரு முஸ்லிம் வேட்பாளரும் எல்லா வகுப்பாரின் வாக்கையும் பெற்றாக வேண்டும். முன்பு சட்டம் கூட்டி வைத்த மக்களை இனி ஸ்தாபனமே கூட்டி வைத்தல் வேண்டும். 1951 செப்டம்பர் 1-ஆம் தேதி புதிய கட்சியின் சட்டதிட்டங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டமை இத்தேவையின் விளைவேயாகும். ஊர்க்கிளை, அதன் மேல் ஜில்லா, அதன் மேல் மாநிலம் என்ற அந்த அமைப்பில், 'பிரைமரி' என்று நம்மவர் இன்றும் வழங்கும் ஊர்க்கிளையே அடிக்கல்.

இந்த அடிக்கல்லை நன்கு ஊன்றிய இடமும் ஊன்றாத இடமும் எவ்வாறு வேறுபட்டன என்பதை மலபாரோடு ஒப்பிட்டு அறியலாம். 1952-ஆம் ஆண்டில் நடந்த முதற் பொதுத் தேர்தலில் சென்னைச் சட்டசபைக்கு லீக்கின் சார்பில் வென்ற ஐவரும் மலபார்ப் பகுதியினர். 1956-இல் மலபார் கேரளத்தோடு சேரவே, தமிழ்நாட்டு லீக் அவ்வலிமையை இழந்தது. மலபாரில் நம் சகோதரர் ஓரிடத்தில் செறிந்து வாழ்கின்றனர் என்பது மெய்யே. ஆனால் செறிவு மட்டும் போதுமாயின் உழைப்பு வேண்டுவதில்லை. 1934-இல் தொடங்கிய 'சந்திரிகா' பத்திரிகை, கல்விச்சாலைகள், அனாதை நிலையங்கள், வளைகுடா நாடுகளிலே தொழிலாளரை ஒன்றுசேர்க்கும் கே.எம்.சி.சி. அமைப்பு ஆகிய யாவும் தேர்தல் இல்லாக் காலத்தே வளர்ந்தவை. 1979-இல் சி. எச். முகம்மது கோயா சாஹிப் சில வாரங்களேனும் கேரள முதல் மந்திரியாய் அமர்ந்ததற்கு இவ்வுழைப்பே பின்பலம்.

தஞ்சைத் தரணியின் நிலை வேறு. இங்கே கூத்தாநல்லூர், பொதக்குடி, அத்திக்கடை, முத்துப்பேட்டை, நாகூர் என ஊர்கள் தனித்தனியே முஸ்லிம்கள் நிறைந்தவையாய் விளங்கினும், சட்டசபைத் தொகுதி என்று பார்க்குங்கால் அவை பெருவயலின் நடுவேயுள்ள திட்டுகளை ஒக்கும். ஆதலால் கூட்டணியின்றி இங்கே வெற்றியில்லை. கூட்டணிக்கு அடிப்படையாய் அமைந்தது மொழி. 1937 முதல் 1940 வரை நடந்த ஹிந்தி எதிர்ப்புக் காலத்தில், திருச்சி பி. கலீபுல்லா சாஹிப் சென்னைச் சட்டசபையில் எழுந்து, தாம் ஓர் இராவுத்தர் என்றும், தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்றும், அதிலே தமக்குப் பெருமையே என்றும் முழங்கினார். 1949-இல் ஆட்சிமொழி விவாதத்தின்போது, தொன்மையே அளவாயின் தமிழை விலக்க இயலாது என்று காயிதெ மில்லத் அரசியல் நிர்ணய சபையில் வாதாடினார். இவ்விதம் பல்லாண்டு பழகிய நட்பே 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கைகோத்து நிற்கச் செய்தது. தேர்தலுக்கு முந்திய மாதத்தில் முளைத்த உறவன்று அது.

ஆயினும் கூட்டணியிலே ஓர் அபாயமும் உண்டு. தன் கிளைகளிலே வலிவற்ற கட்சி, கூட்டாளியின் சின்னத்தின் நிழலில் ஒதுங்க நேரிடும். 2004-இலும் 2009-இலும் வேலூர்ப் பாராளுமன்றத் தொகுதியில் லீக்கைச் சார்ந்தோர் உதயசூரியன் சின்னத்திலேயே வென்றனர். 1985-ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, எக்கட்சி ஒருவரை வேட்பாளராய் நிறுத்திற்றோ அக்கட்சியின் அங்கத்தினராகவே அவர் சபையில் எண்ணப்படுவர். நம்மவர் உள்ளே இருப்பர். நம் கட்சியின் பெயர் ஏட்டில் இராது. 2016-இல் கடையநல்லூரிலும், 2019-இலும் 2024-இலும் இராமநாதபுரத்திலும் லீக் வேட்பாளர்கள் தம் கட்சியின் பெயரிலேயே வென்றமை இதனின் வேறுபட்ட நிலை. 2021-ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் போட்டியிட்ட மூன்று இடங்களிலும் தோல்வி நேர்ந்தது. ஸ்தானங்கள் வரும், போகும். கிளையின் பதிவேட்டில் எத்தனை பெயர் உண்டு என்பதைக் காட்டி ஸ்தானம் கேட்கும் கட்சிக்கும், பழைய பெருமையைக் காட்டிக் கேட்கும் கட்சிக்கும் வேறுபாடு உண்டு.

பிறர் சூட்டும் பெருமை நிலையாது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1991-இல் பழைய தஞ்சை ஜில்லாவைப் பிரித்தபோது நாகை காயிதெ மில்லத் மாவட்டம் என்று ஒன்று அமைந்தது. கூத்தாநல்லூரும் அதில் அடங்கிற்று. 1997-இல் திருவாரூர் மாவட்டம் தனியே பிரிந்தது. அதே ஆண்டில் தமிழ்நாடெங்கும் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அரசாணையால் வந்த பெயர் அரசாணையாலே சென்றது. ஊரார் தம் சந்தாவால் நடத்தும் கிளையையும் வாசகசாலையையும் எவ்வரசாணையும் நீக்க இயலாது.

1992 டிசம்பரில் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்ட பின், சமூகத்தின் இளைஞர் கொதித்தெழுந்தனர். தம் குமுறலைக் கேட்பார் எங்கே என்று அவர் தேடினர். 1994-இல் இந்திய நேஷனல் லீக்கும் 1995-இல் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகமும் தோன்றின. பிற்கூறிய அமைப்பினர் ஆம்புலன்ஸ் வண்டியும் இரத்ததானமும் கொண்டு ஊர்தோறும் புகுந்தனர். பின்னர் 2009-இல் மனிதநேய மக்கள் கட்சி எழுந்தது. எந்த வீட்டின் துன்ப நாளில் எவர் வந்து நின்றாரோ, அவர் சொல்லுக்கு அவ்வீட்டில் மதிப்பு உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் திருவாரூர், நாகை மாவட்டங்களைச் சிதைத்தபோதும் மக்கள் இதையே கண்டனர்.

இனி, கூத்தாநல்லூர் போன்ற ஊரில் இவ்வேலை எவ்வுருவம் கொள்ளுதல் வேண்டும்?

முதலாவது, வாக்காளர் பட்டியல். நம் ஊரார் பர்மா, மலாயா, சைகோன் என்று கடல் கடந்து பொருளீட்டியோர்; இன்று வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளோர் மிகப் பலர். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் தம் ஊர்ப் பட்டியலிலே பெயர் சேர்க்க 2011 முதல் சட்டம் இடந்தருகின்றது. ஆனால் நேரில் வந்தே வாக்களித்தல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்புவோர்க்கு முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாள். 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியனவும் தகுதி நாள்களாயின. ஆகவே ஆண்டில் நான்கு முறை தெருத்தெருவாய்ப் பட்டியலைச் சரிபார்த்தல் ஒரு கிளையின் கடமை. பெயர் விடுபட்டதை வாக்குச்சாவடியின் வாயிலில் அறிந்து வருந்துதலாற் பயனில்லை.

இரண்டாவது, மாதர். ஆடவர் அயல்நாட்டில் இருக்க, ஊரில் தங்கி வீட்டையும் வயலையும் நிர்வகிப்போர் மாதரே. ஸ்தல ஸ்தாபனங்களில் மாதர்க்குப் பாதி ஸ்தானம் ஒதுக்கத் தமிழ்நாடு 2016-இல் சட்டம் செய்தது. அவர்களை வேட்பாளராக்கும் நாளில் மட்டும் அழைத்து, கிளைக் கூட்டத்தில் அழையாத கட்சி, பாதி ஊரை இழந்த கட்சியாகும்.

மூன்றாவது, பள்ளிவாசல் வேறு, கட்சி வேறு என்னும் தெளிவு. மஹல்லா ஜமாஅத்தில் எல்லாக் கட்சியினரும் தொழுகின்றனர். சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்டலை 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தேர்தல் முறைகேடென்று தடைசெய்துள்ளது; 2017 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அத்தடையை மேலும் விரிவாகப் பொருள் செய்தது. சாலை, குடிநீர், சாக்கடை, பள்ளிக்கூடம், கல்வி உதவித்தொகை, வாய்க்கால் நீர் ஆகிய பொதுக் காரியங்களில் லெட்சுமாங்குடியாரும் வடபாதிமங்கலத்தாரும் நம்மோடு ஒருங்கு நிற்கத்தக்க வேலையே சட்டத்திற்கும் உகந்தது, வெற்றிக்கும் உகந்தது.

நான்காவது, கணக்கு. காலணா வரவும் ஏட்டில் ஏறி, ஆண்டு முடிவில் சபை முன் வாசிக்கப்படுதல் வேண்டும். காரியதரிசியும் பொக்கிஷதாரும் காலந்தோறும் தேர்ந்தெடுக்கப்படுதல் வேண்டும். தனக்குள்ளே தேர்தல் நடத்த அஞ்சும் ஸ்தாபனம் ஊர்த் தேர்தலில் நிற்பது எங்ஙனம்?

1972 ஏப்ரல் 5-ஆம் தேதி காயிதெ மில்லத் மறைந்தார். தமிழராகிய அவரை மலையாள நாட்டு மஞ்சேரித் தொகுதி 1962, 1967, 1971 ஆகிய மூன்று முறை பாராளுமன்றத்திற்கு அனுப்பிற்று. வேறொரு மொழி பேசும் நாட்டிலே அவருக்காக உழைத்தவை அத்தொகுதியின் ஊர்க்கிளைகளே. தலைவரின் பெருமையை நினைவு கூர்கின்ற நாம், அப்பெயரறியாத் தொண்டரின் பொறுமையான உழைப்பையும் நினைவு கூர்வோமாக. நம் சங்கத்து இளைஞர் எக்கட்சியில் இருப்பினும், அக்கட்சியின் தூர் எடுக்கும் பருவத்தில் மண்வெட்டியோடு நிற்பாராயின், தண்ணீர் வரும் நாளில் அவரைக் கேளாது எவரும் மடை திறக்க இயலாது. அதற்கு வேண்டிய உறுதியை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.