காற்றா, தண்ணீரா? கத்ரினாவுக்குப் பின் நடந்த பதினொரு வருடச் சண்டை

(கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

கத்ரினா என்றதும் நம்மில் அநேகருக்கு ஞாபகம் வருவது நியூ ஓர்லியன்ஸ் நகரம்தான். வெள்ளத்தடுப்பு அணைகள் உடைந்து நகரமே மூழ்கிய கதை. ஆனால் 2005 ஓகஸ்ட் 29ஆம் திகதி, அதே நாளில், அங்கிருந்து கிழக்கே மிசிசிப்பி மாநிலத்தின் கரையோரத்தில் இன்னொரு கதை நடந்தது. அங்கே உடைவதற்கு அணை ஒன்றும் இருக்கவில்லை. புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல் நேரே ஊருக்குள் ஏறியது. பாஸ் கிறிஸ்டியன் பக்கம் கடல் எழும்பிய உயரம் கிட்டத்தட்ட 28 அடி. இரண்டு மாடி வீட்டின் கூரை அளவு.

அவர்கள் 'ஹரிக்கேன்' என்பதும் நாம் சூறாவளி என்பதும் ஒன்றுதான். கடல் வேறு, பெயர் வேறு. அவ்வளவுதான்.

வெளியேறச் சொல்லி அறிவித்தும் கரையோரத்தில் பலர் வீட்டை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. 1969 ஓகஸ்டில் 'கமில்' என்ற சூறாவளி அதே கரையைத் தாக்கியது. அமெரிக்க வரலாற்றில் மிகப் பலமான சூறாவளிகளில் ஒன்று அது. "கமிலுக்கே தண்ணீர் வராத வீடு இது, இதற்கு வருமா?" என்பதுதான் கணக்கு. கத்ரினா கரையைத் தொட்டபோது அதன் காற்று கமிலை விடக் குறைவு. ஆனால் அதன் அகலம் பெரிது, அது தள்ளி வந்த கடலும் பெரிது. 2005இல் கமில் மீண்டும் ஆட்களைக் கொன்றது என்று அந்தக் கரையோர மக்கள் பிறகு சொல்லிக்கொண்டார்கள். பழைய அனுபவம் ஒரு பாடம்தான். ஆனால் அடுத்த பரீட்சைக்கு அதே வினாத்தாள் வரும் என்று எவரும் உத்தரவாதம் தருவதில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு வேவ்லன்ட், பே செயின்ட் லூயிஸ், பாஸ் கிறிஸ்டியன் ஆகிய ஊர்களில் தெருத் தெருவாக வீடுகளே இல்லை. சீமெந்துத் தளமும், வாசற்படியும் மட்டும் மிச்சம். வீட்டுக்காரர் காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைபேசி எடுக்கிறார். மதிப்பீட்டாளர் வருகிறார், வெறும் தளத்தைப் பார்க்கிறார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உங்கள் வீட்டைக் கொண்டு போனது காற்றா, தண்ணீரா?

சிரிப்பான கேள்வி போலத் தெரியும். ஆனால் ஒரு குடும்பத்துக்குத் திரும்ப வீடு கிடைக்குமா இல்லையா என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானித்தது. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் காற்றினால் வரும் சேதத்தை ஏற்கும். வெள்ளத்தை ஏற்காது. ஏன் இந்தப் பிரிவு? இதற்கு நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து, அந்த நாட்டு வரலாற்றின் மிகப் பெரிய ஆற்று வெள்ளங்களில் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு தனியார் கம்பனிகள் பெரும்பாலும் வெள்ளக் காப்புறுதியிலிருந்து விலகிக்கொண்டன. சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது விளங்கும். மாதம் ஒருவர் எடுத்தால் சீட்டு ஓடும். எல்லோரும் ஒரே மாதத்தில் கேட்டால் சீட்டு நிற்காது. தீ ஒரு வீட்டை எரிக்கும். வெள்ளம் முழு ஊரையும் ஒரே நாளில் கேட்க வைக்கும். அதோடு, ஆற்றுக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருப்பவர்கள்தான் வெள்ளக் காப்புறுதி வாங்க வருவார்கள். மேட்டில் இருப்பவர் வரமாட்டார்.

1965 செப்டெம்பரில் 'பெட்சி' சூறாவளி நியூ ஓர்லியன்ஸின் ஒரு பகுதியை மூழ்கடித்தது. ஜனாதிபதி ஜோன்சன் நேரில் போய்ப் பார்த்தார். 1968இல் தேசிய வெள்ளக் காப்புறுதிச் சட்டம் வந்தது. தனியார் கைவிட்ட வெள்ளத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இப்படித்தான் ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரங்கள் உருவாகின: காற்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. அரசாங்கப் பத்திரம் வீட்டுக் கட்டடத்துக்கு ஆகக் கூடியது 250,000 டொலர்தான் தரும். அதிகாரபூர்வ வரைபடத்தில் வெள்ள அபாய வலயத்துக்கு வெளியே இருந்தவர்கள் பலர் அதை வாங்கவே இல்லை.

அடுத்த திருப்பம் 1992 ஓகஸ்ட் 24. 'அன்ட்ரூ' சூறாவளி புளோரிடாவின் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியைத் தாக்கியது. 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. இங்கே அழித்தது பெரும்பாலும் காற்று. எனவே கம்பனிகள் தட்டிக்கழிக்க வழியில்லை. காப்புறுதி செய்யப்பட்ட இழப்பு அன்றைய மதிப்பில் சுமார் 15.5 பில்லியன் டொலர். பதினொரு கம்பனிகள் வங்குரோத்தாகின. கட்டட விதிகள் புத்தகத்தில் இருந்தாலும், கூரைப் பலகைகளைச் சரியாக அறையாமல் விட்ட வீடுகள் எத்தனையோ இருந்தன என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

அன்ட்ரூவுக்குப் பிறகு புளோரிடாவில் கட்டட விதிகள் இறுகின. 2002இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதிக்கோவை நடைமுறைக்கு வந்தது. இது நல்ல பக்கம். மறு பக்கத்தில் பத்திரங்களும் இறுகின. முன்பு சேதம் வந்தால் வீட்டுக்காரர் முதலில் தன் கையிலிருந்து ஒரு சிறிய நிலையான தொகையை ஏற்பார், மிகுதியைக் கம்பனி தரும். இப்போது சூறாவளி என்றால் அது வீட்டின் காப்புறுதிப் பெறுமதியில் வீதமாக மாறியது. 200,000 டொலர் வீட்டுக்கு 5 வீதம் என்றால் முதல் 10,000 டொலர் வீட்டுக்காரர் தலையில்.

இன்னொரு வாசகமும் பத்திரங்களில் பரவலாகியிருந்தது. சட்டத்தரணிகளின் மொழியில் எழுதிய அந்த வாசகத்தின் சாரம் இதுதான்: விலக்கப்பட்ட காரணம் ஒன்று சேதத்தில் பங்கெடுத்தால், வேறு எந்தக் காரணம் அதோடு சேர்ந்திருந்தாலும், எது முன்பு எது பின்பு வந்திருந்தாலும், பணம் இல்லை. அதாவது காற்று பாதி, தண்ணீர் பாதி என்றால் காற்றின் பாதிக்கும் பணம் இல்லை என்று கம்பனி வாதாடலாம்.

இந்தப் பின்னணியில்தான் 2005 வந்தது. சட்டங்களை ஆக்கும் ஒருவருக்கே இதே நிலைமை. மிசிசிப்பியின் செனட்டர் ட்ரென்ட் லொட் பாஸ்ககூலாவில் இருந்த தன் கடற்கரை வீட்டை இழந்தார். ஸ்டேட் ஃபார்ம் கம்பனி நட்டஈடு தர மறுத்தது. செனட்டரே வழக்குப் போட்டார். 2007இல் அது சமரசத்தில் முடிந்தது.

எல்லோருக்கும் அப்படி முடியவில்லை. பாஸ்ககூலாவில் ஒரு பொலிஸ் அதிகாரி நேஷன்வைட் கம்பனிக்கு எதிராகப் போட்ட வழக்கு 2006 ஓகஸ்டில் தீர்ப்பானது. வெள்ளக் காப்புறுதி உங்களுக்குத் தேவையில்லை என்று முகவர் சொன்னதாக அவர் வாதிட்டார். அவர் கோரிய சேதம் 130,000 டொலருக்கும் மேல். கடல் எழும்பி வந்தாலும் அது வெள்ளம்தான் என்றார் நீதிபதி சென்டர். அவருக்கு மேலதிகமாகக் கிடைத்தது ஏறக்குறைய 1,200 டொலர்.

ஆனால் 2007 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அதே நீதிபதி வேறொரு விடயத்தைச் சொன்னார். சேதம் தண்ணீரால்தான் என்று கம்பனி சொன்னால், எவ்வளவு தண்ணீரால் என்பதைக் கம்பனியே நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கில் ஜூரிகள் 2.5 மில்லியன் டொலர் தண்டப் பணம் விதித்தார்கள். நீதிபதி அதை 1 மில்லியனாகக் குறைத்தார். பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றம் அதையும் தள்ளியது.

இதற்கிடையே மதிப்பீட்டு வேலை பார்த்த இரண்டு சகோதரிகள் ஆவணங்களோடு வெளியே வந்தார்கள். ஒரு வீட்டுக்குப் பொறியியல் அறிக்கை இரண்டு இருந்தது. முதலாவது முக்கிய காரணம் காற்று என்றது. இரண்டாவது தண்ணீர் என்றது. முதலாவதைப் பற்றிப் பேசக்கூடாது, அதற்குப் பணம் கொடுக்கக்கூடாது என்று அதன் மேல் ஒரு சிறு குறிப்பு ஒட்டியிருந்தது. இதில் யாருக்கு நட்டம்? காற்று என்றால் கம்பனி கொடுக்க வேண்டும். தண்ணீர் என்றால் அரசாங்கத்தின் வெள்ளக் காப்புறுதி, அதாவது பொதுப் பணம், கொடுக்கும். அந்த வீட்டுக்கு அரசாங்கம் 250,000 டொலர் கொடுத்திருந்தது. ஸ்டேட் ஃபார்ம் அரசாங்கத்திடம் பொய்க் கோரிக்கை வைத்தது என்று 2013இல் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். 2016 டிசெம்பரில் அமெரிக்க உயர் நீதிமன்றமும் கம்பனியின் மேன்முறையீட்டை ஒருமனதாக நிராகரித்தது.

மக்கள் பக்கம் எல்லோரும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர்களுக்காக வாதாடிப் பெயரெடுத்த சட்டத்தரணி டிக்கி ஸ்க்ரக்ஸ், கத்ரினா வழக்குகளில் கிடைத்த கட்டணத்தைப் பங்கிடுவதில் வந்த தகராற்றில் ஒரு நீதிபதிக்கு இலஞ்சம் கொடுக்கச் சதி செய்ததாக 2008இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஐந்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமாகப் படுவது 2009 ஒக்டோபரில் மிசிசிப்பி மாநில உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. இழப்பு என்பது அது நடந்த அந்தக் கணத்திலேயே இழப்பு. காற்று முதலில் கூரையை எடுத்துவிட்டதென்றால், சில மணித்தியாலம் கழித்து வந்த கடல் அந்த உரிமையை அழித்துவிடாது. சின்ன வசனம். ஆனால் "எது முன்பு, எது பின்பு என்பது பொருட்டல்ல" என்ற பத்திர வாசகத்தின் முதுகெலும்பை அது முறித்தது. கத்ரினாவில் காற்று விடிவதற்கு முன்பே தொடங்கியது. கடல் உச்சத்துக்கு வந்தது காலை நேரத்தில். இடைப்பட்ட மணித்தியாலங்கள்தான் முழு வழக்கும்.

அந்த மணித்தியாலங்களில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவர் யார்? வீட்டில் தங்கி உயிர் தப்பியவர்தான். அரசாங்கம் சொன்னதைக் கேட்டு ஒழுங்காக வெளியேறியவர் உயிரைக் காப்பாற்றினார், ஆனால் தன் வீடு எப்படிப் போனது என்பதைக் கண்ணால் காணவில்லை. பொறியியலாளரின் அறிக்கையை எதிர்த்துச் சொல்ல அவரிடம் பக்கத்து வீட்டாரின் வாக்குமூலமும், முறிந்த மரங்களும், காற்றுமானிகளின் பதிவுகளும்தான் இருந்தன. இந்த அநியாயத்துக்கு மருந்து ஆட்களைத் தங்கச் சொல்வதல்ல. நிரூபிக்கும் சுமை யார் தோளில் என்பதைச் சட்டம் தெளிவாக எழுதுவது.

அது இன்றும் முழுமையாக நடக்கவில்லை. இரண்டு பத்திர முறை அப்படியே இருக்கிறது. வெள்ளக் காப்புறுதித் திட்டம் கடனில் மூழ்கி, 2017இல் அதன் கடனில் 16 பில்லியன் டொலரை அமெரிக்கக் காங்கிரஸ் இரத்துச் செய்ய வேண்டி வந்தது.

உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு மூலாதாரம் என்றால் கல்வெட்டும் ஓலைச்சுவடியும் என்றுதான் நாம் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு மதிப்பீட்டாளர் எழுதிய இரண்டு பக்க அறிக்கையும் மூலாதாரம்தான். யார் எழுதியது, யார் சம்பளம் கொடுத்தது, முதல் பிரதி எங்கே என்று அதையும் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டு அலுமாரியில் காப்புறுதிப் பத்திரம் ஏதும் இருந்தால் இன்றிரவு எடுத்து, என்ன தருவோம் என்ற பக்கத்தை விட்டுவிட்டு, என்ன தரமாட்டோம் என்ற பக்கத்தை வாசித்துப் பாருங்கள். விளங்காத வரி இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்த சட்டத்தரணி நண்பர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், சேர்ந்து பார்ப்போம்.