ஏரிப் பறவைகளும் ஓவியர் தூரிகையும்



சென்னையிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்வோர், பூந்தமல்லியைக் கடந்தபின் ஸ்ரீபெரும்புதூரை அடைவர். 1017ஆம் ஆண்டில் இராமாநுசர் தோன்றிய திருத்தலம் என்று அவ்வூரை நெடுங்காலமாக நாடு அறியும். இன்றோ, அதனைச் சூழ்ந்த நிலம் மோட்டார்த் தொழிலின் நிலைக்களமாக விளங்குகின்றது. அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும், தெற்கே ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உருவாகி வெளிவருகின்றன.

ஆலைகள் எழுவதற்கு முன் இந்நிலம் எவ்வாறு இருந்தது? அஃது ஏரிகளின் நாடு. வற்றாத ஆறு இல்லாத இப்பகுதியில், ஐப்பசி கார்த்திகை மழையைக் கரை கட்டித் தேக்கியே முன்னோர் உழவு செய்தனர். செம்பரம்பாக்கம் போன்ற பேரேரிகளும், ஊர்தோறும் சிற்றேரிகளும் அவ்வாறு அமைந்தன. நீர் தேங்கிய இடத்தில் மீனும் நத்தையும் தவளையும் பெருகின; அவற்றை நாடி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வந்தன. இவ்வேரி நாட்டின் உயிர்களை ஓவியமாக வடித்தோர் யாவர் என்பதையே இன்று நாம் காணப் போகின்றோம்.

இயற்கையை வரைதல் தமிழர்க்குப் புதிய கலை அன்று. காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், ‘சித்திரகாரப்புலி’ என்ற பட்டத்தைத் தானே விரும்பிச் சூடிக்கொண்டான். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலின் விதானத்தில், ஒரு தாமரைப் பொய்கையே பரந்து கிடக்கின்றது. பாண்டியர் காலமாகிய 9ஆம் நூற்றாண்டில் தீட்டப்பெற்ற அவ்வோவியத்தில் மீன்கள் நீந்துகின்றன, பறவைகள் திரிகின்றன, யானையும் எருமையும் நீரில் இறங்கி நிற்கின்றன, மலர் கொய்வோரும் காணப்படுகின்றனர். நம் நாட்டு நீர்நிலை ஒன்றின் வாழ்வை அன்புடன் உற்றுநோக்கிய கண்ணே அதனை வரைந்திருத்தல் கூடும். ஆயினும், அது சமய நோக்கில் எழுந்த ஓவியம். இஃது இன்ன பறவை, இதன் அலகு இத்தனை நீளம் என்று அளந்து காட்டுவது அதன் கருத்து அன்று.

ஓர் உயிரை அதன் இனத்தையே அறியுமாறு வரையும் முறை, வடக்கே மொகலாயர் அரசவையில் சிறந்து விளங்கியது. 1605 முதல் 1627 வரை ஆண்ட ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர் அதில் புகழ் பெற்றவர். பின்னர்க் கல்கத்தாவில், தலைமை நீதிபதியின் மனைவியாகிய மேரி இம்பே தம் தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் வளர்த்தார். 1777 முதல் சில ஆண்டுகள், ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்னும் பாட்னா ஓவியர் மூவர் அவற்றைத் தீட்டினர்.

சென்னைக்கு அத்தகைய பேறு 1801இல் வாய்த்தது. அவ்வாண்டு இந்நகரில் சுப்ரீம் கோர்ட் நிறுவப்பட்டது. அதன் நீதிபதிகளுள் ஒருவராக ஸர் ஹென்றி க்வில்லிம் இங்கிலாந்திலிருந்து வந்தார். அவருடன் மனைவி எலிசபெத்தும், எலிசபெத்தின் தங்கை மேரி சைமண்ட்ஸும் கப்பலேறி வந்தனர். கல்கத்தாச் சீமாட்டி பிறரைக் கொண்டு வரைவித்தார். சென்னைக்கு வந்த எலிசபெத்தோ தாமே தூரிகை எடுத்தார். தங்கை மேரி மீன்களையும் நிலக்காட்சிகளையும் வரைந்தார்.

பறவை ஓவியத்தில் ஓர் இடர் உண்டு. பறவை இறந்தவுடன் அதன் கண்ணின் ஒளி மங்கும். கால்களிலும் அலகிலும் உள்ள நிறம் மாறும். பஞ்சு அடைத்த உடலைப் பார்த்து வரைந்தவர் பலர் இதனாலேயே பிழை செய்தனர். எலிசபெத் உயிருள்ள பறவைகளைப் பார்த்தே வரைய முயன்றார். உள்ளூர்ப் பறவை பிடிப்போர் அவற்றைக் கொணர்ந்து கொடுத்தனர். அஞ்சி நடுங்கும் பறவை அமைதியாக நிற்குமா? கிடைத்த சிறு பொழுதிற்குள் பார்த்துத் தீட்ட வேண்டும். அவ்வாறு தீட்டிய நீர்வண்ண ஓவியங்களில் இறகுகளின் அடுக்கும், விரல்களின் அமைப்பும் பிழையின்றி விளங்குகின்றன. பெரும் பறவைகள் பலவற்றை இயல்பான அளவிலேயே அவர் வரைந்தார். அமெரிக்கப் பறவைகளை அவ்வளவில் வெளியிட்டு உலகப் புகழ் எய்திய ஆடுபானின் நூல் 1827இல்தான் வரத் தொடங்கியது என்பதை நினைவிற் கொள்க.

எலிசபெத் தெலுங்கு பயின்றார். செடி கொடிகளை ஆராய்ந்தார். தமிழகராதி தொகுத்த ராட்லர் பாதிரியார் தாவர நூலிலும் வல்லவர். அவர் ஒரு மலர்மரத்திற்கு இவ்வம்மையார் பெயரால் ‘க்வில்லிமியா’ என்று பெயர் சூட்டினார். ஆனால், வாழ்நாள் நீளவில்லை. 1807 டிசம்பரில், நாற்பத்து நான்காம் வயதளவில் சென்னையிலேயே எலிசபெத் காலமானார். ஓவியங்கள் அச்சேறாமல் மறைந்து கிடந்தன. 1924இல் லண்டனில் ஒரு வணிகரிடம் அவற்றைக் கண்டெடுத்தவர் கேசி உட் என்னும் கண் மருத்துவர். இன்று 121 பறவை ஓவியங்கள் கானடா நாட்டு மான்ட்ரியல் நகரில், மக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. நம் நாட்டுப் பறவைகளின் படங்களைக் காண, நாம் கடல் கடந்து செல்ல வேண்டிய நிலை!

இவ்வரலாற்றோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். எலிசபெத் வந்திறங்குவதற்கு மூன்றாண்டுகள் முன், 1798இல், செங்கற்பட்டுச் சீமையிலுள்ள வேடந்தாங்கல் மக்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் ஒரு ‘கவுல்’ பெற்றனர். தம் ஏரிக்கு வரும் பறவைகளை எவரும் சுடலாகாது என்பது அதன் சாரம். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பெற்றது. நத்தைகுத்தி நாரையும், அரிவாள்மூக்கனும், கரண்டிவாயனும், கூழைக்கடாவும் இன்றும் ஆண்டுதோறும் அங்கே கூடு கட்டுகின்றன.

இரண்டும் காகிதத்தில் அமைந்தவையே. ஒன்று ஓவியம், மற்றொன்று உறுதிமொழி. ஓவியம், இன்ன பறவை இங்கே வாழ்ந்தது என்று சான்று கூறும். ஆனால் மறைந்த பறவையை மீட்டுத் தராது. கவுல் பறவையை வாழவைத்தது. ஆனால் அதன் அழகைப் பிற நாட்டார்க்கு எடுத்துக் காட்டவில்லை. இரண்டும் வேண்டும். இரண்டிற்கும் அடிப்படையாக நின்றது உள்ளூர் மக்களின் அறிவு. எந்த நீரில் எந்தப் பறவை இறங்கும் என்று அறிந்தவர்கள் பிடித்துக் கொடுத்திராவிடில், எலிசபெத்தின் தூரிகைக்கு வேலை இருந்திராது. வரலாறு ஓவியரின் பெயரைப் போற்றியது. அவ்வேடர்களின் பெயரை அவ்வாறு போற்றவில்லை. இக்குறையை நாம் மறத்தல் கூடாது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஆலைகளின் மதில்கள் எழுந்துள்ளன. அவை பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பு அளிப்பதும் உண்மை. அம்மதில்களுக்கு அருகே எஞ்சியிருக்கும் ஏரிகளில் மழைக்காலத்துப் பறவைகள் இறங்குவதும் உண்மை. அவற்றை யார் வரைந்து வைப்பார்?

மாணவர்களே, அதற்குப் பெரிய ஓவியராக வேண்டியதில்லை. விடுமுறை நாளில் உங்கள் ஊர் ஏரிக்கரையில் அமர்ந்து, கண்ட பறவையைக் கண்டவாறு வரையுங்கள். அலகு வளைந்ததா, கால் சிவந்ததா என்று உற்றுப் பாருங்கள். அதன் ஊர்ப்பெயரை முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். ஏரியின் பெயரையும் நாளையும் குறியுங்கள். நூறாண்டு கழித்து அந்த ஏடு வரலாற்றுச் சான்றாகும். அதனினும் மேலாக, ஒரு பறவையை அவ்வாறு உற்றுநோக்கி வரைந்த கை, அதன் ஏரி தூர்ந்துபோவதைக் கண்டு வாளா இருக்க இசையாது.