சீம்பால் முதல்ல கன்னுக்கு: தொழுவத்தோட ஒரு சின்ன வரலாறு

மாடு கன்னு போட்ட வீட்டுல சீம்பாலுக்கு எத்தனை பேர் பங்குக்கு வருவாங்கன்னு உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்கு ஒரு சொம்பு, கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்ச ஒரு சொம்பு. மிச்சம் இருந்தாத்தான் கன்னுக்கு. கன்னுக்கு எப்போ கொடுக்கணும், எவ்வளவு கொடுக்கணும்னு அளந்து பேசறது எங்க பக்கத்துல ஒரு தலைமுறைப் பேச்சுதான். அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, ஏன் மாறுச்சுன்னு இந்தப் பதிவுல எழுதறேன்.

எங்க அப்பாரு காலத்துல கட்டுத்தறியில நின்னதெல்லாம் காங்கேயம் மாடுங்க. கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லை மேஞ்சு வளர்ந்த மாடு. நாளைக்கு ரெண்டு லிட்டர் கறந்தாலே பெரிசு. அந்த மாட்டை யாரும் பாலுக்காக வளர்க்கலை. ஏர் ஓட்ட, வண்டி இழுக்க, கிணத்துல கவலை இறைக்கக் காளை வேணும். அதனால காளைக்கன்னு பிறந்தா வீட்டுக்கே சந்தோசம். கன்னு தாயோட நிக்கும், தானா ஊட்டும். நாம அளந்து ஊத்த வேண்டிய வேலையே இல்லை.

ஒரு பழக்கம் மட்டும் கன்னுக்கு எதிரா இருந்துச்சு. நஞ்சுக்கொடி விழற வரைக்கும் மடியில வாய் வைக்க விடமாட்டாங்க. விழுந்த கொடியை வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுவாங்க, ஆலமரம் மாதிரி பால் வடியணும்னு. மரத்துல கட்டறதுல தப்பில்லை, நாய் இழுத்துப் போடாது. காத்திருக்கறதுதான் கெடுதல். சில மாட்டுக்குக் கொடி விழ எட்டு மணி நேரம் கூட ஆகும். கன்னு முட்டி முட்டிக் குடிச்சா கருப்பை சுருங்கும், கொடி விழறதுக்கு அதுவே உதவி. நாம அதைத் தலைகீழாப் பண்ணிட்டு இருந்தோம்.

சீம்பால்ல அப்படி என்ன இருக்குன்னு உலகத்துக்கே மெதுவாத்தான் தெரிஞ்சுது. 1892-ல ஜெர்மனியில பால் எர்லிக்ங்கற மருத்துவர், நோயைத் தாங்கற சக்தி தாய்ப்பால் வழியாக் குட்டிக்குப் போகுதுன்னு எலிகளை வெச்சுக் காட்டினார். மாட்டுல இதை நிரூபிச்சது 1922-ல, அமெரிக்காவுல தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும். சீம்பால் குடிக்காத கன்னுகள்ல பெரும்பாலானது கழிச்சலும் காய்ச்சலும் கண்டு செத்துப் போச்சு. குடிச்ச கன்னுகள் பிழைச்சுது. உண்ணி மூலமா மாட்டுக்குக் காய்ச்சல் பரவுதுன்னு 1893-லயே எழுதினவரும் இதே ஸ்மித்துதான்.

காரணம் இதுதாங்க. மனுசக் குழந்தைக்கு வயித்துல இருக்கும்போதே தாயோட நோய் எதிர்ப்பு கொஞ்சம் ரத்தத்துல வந்துடும். மாட்டுல அந்த வழி அடைப்பு. கன்னு வெறுங்கையோடதான் பிறக்குது, சீம்பால்தான் அதுக்கு முதல் தடுப்பூசி. அந்தச் சத்தை அப்படியே ரத்தத்துக்கு விடற குடல் கதவு நேரம் ஆக ஆக மூடிட்டே வரும். ஒரு நாள் தாண்டினா ஏறக்குறைய மூடிடும். அப்புறம் எத்தனை லிட்டர் ஊத்தினாலும் அது வெறும் சாப்பாடுதான்.

இந்த விசயம் நம்ம தொழுவத்துக்கு வந்தது கலப்பின மாட்டோட. 1939-ல மைசூர் அரண்மனைப் பண்ணையில முதல் செயற்கைக் கருவூட்டல் நடந்துச்சு. 1963-ல கேரளா மாட்டுப்பட்டியில சுவிஸ் நாட்டு உதவியோட கலப்பின வேலை ஆரம்பிச்சாங்க. 1970-ல வெண்மைப் புரட்சித் திட்டம். பிறகு எங்க ஊருக்கும் ஜெர்சிக் கலப்பும் பால் சொசைட்டியும் வந்து சேர்ந்துச்சு. பத்து லிட்டர் கறக்கற மாடு, காலையும் மாலையும் வண்டி. கன்னைத் தனியாக் கட்டிட்டோம். மடி பெருத்துத் தாழ்ந்த மாட்டுல கன்னுக்குக் காம்பு சரியா எட்டறதும் இல்லை. தாய் பார்த்துக்கிட்ட வேலை அன்னிக்கு நம்ம கைக்கு வந்துச்சு.

கால்நடை டாக்டருங்க சொல்லிச் சொல்லித்தான் கணக்குப் பழகினோம். பிறந்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் பால். முதல் நாள்ல கன்னு எடையில பத்துல ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்னுக்கு ரெண்டரை லிட்டர், மூணு நாலு தடவையாப் பிரிச்சு. தொப்புள்கொடிக்கு டிஞ்சர் அயோடின். பத்து நாள் வாக்குல குடற்புழு மருந்து. ரெண்டாவது வாரத்திலிருந்து கன்னுத் தீவனம் கொஞ்சம், தாது உப்பு, நல்ல தண்ணி. கடையில டானிக் விதவிதமா விக்குது. எதுவும் முதல் நாள் சீம்பாலுக்கு ஈடாகாது.

இந்த வரலாத்துல தோத்துப்போனது காளைக்கன்னுதாங்க. டிராக்டர் ஏரைப் பிடுங்கிச்சு, மோட்டார் கவலையைப் பிடுங்கிச்சு, சினை ஊசி பொலிகாளை வேலையையும் பிடுங்கிச்சு. இப்போ கிடேரியே பிறக்கற மாதிரி ஊசியும் வந்தாச்சு. ஒரு காலத்துல வீட்டுக்கே சந்தோசமா இருந்த கன்னு இன்னிக்குத் தண்டச்செலவு. கிடேரின்னா சீம்பால், காளைன்னா ரெண்டு வாய் காட்டிட்டு ஓரமாக் கட்டறது பல இடத்துல நடக்குது. சந்தைக்குப் போற வழியிலேயே கழிச்சல்ல சாகுது.

சீம்பாலைக் காய்ச்சினாத் திரிஞ்சுடும். சொசைட்டியில ஊத்த முடியாது, அதைக் கொடுக்கறதால நமக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை. நம்ம கொட்டத்துல எத்தனை நாள் இருந்தாலும் சரி, பிறந்த கன்னுக்கு அந்த முதல் பாலை வயிறு நிறையக் கொடுத்துடுங்க. கன்னு குடிச்சு மிஞ்சினா, தாராளமாக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சலாம்.