போமலின் போத்தலும் மனித உழைப்பும்

புற்றுநோய்ப் பரிசோதனை என்றதும் நாம் நுணுக்குக்காட்டியையும் அதன்முன் அமர்ந்திருக்கும் நோயியல் நிபுணரையுமே நினைக்கிறோம். ஆனால், நோயாளியின் உடலிலிருந்து வெட்டியெடுத்த இழையம் அந்நிபுணரின் கண்ணுக்கு எட்டுமுன் பல கைகளைக் கடந்து வருகிறது. அக்கைகளை வரலாறு பெரிதும் மறந்துவிட்டது.

உடலைவிட்டுப் பிரிந்த இழையம் விரைவிலேயே சிதையத் தொடங்கும். கலங்களிலுள்ள நொதியங்களே கலங்களை அழிக்கும்; கிருமிகளும் உடன்சேரும். 1858இல் ஜேர்மானிய அறிஞர் வேர்ச்சோ, நோயின் வேரைக் கலத்திலே தேடவேண்டும் என்று நூலெழுதி நிலைநாட்டினார். தேடவேண்டிய கலமோ உருக்குலையாமல் இருத்தல் வேண்டும். அக்காலத்தில் இதற்குப் பெரிதும் பயன்பட்ட அற்ககோல் இழையத்தைச் சுருக்கிவிடும்.

வேறு வழி எதிர்பாராமலே பிறந்தது. ருசிய இரசாயன அறிஞர் பட்லெரோவ் 1859இல் ஆக்கிய போமல்டிகைட்டு, கிருமிகளைக் கொல்லுமா என்று பிராங்பேர்ட் நகரத்து வைத்தியர் பேர்டினண்ட் புளூம் சோதித்துக்கொண்டிருந்தார். கரைசல் பட்ட தம் விரல்களின் தோல், அற்ககோலில் ஊறிய இழையம்போல் இறுகியிருக்கக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே 1893இல் அவர் வெளியிட்ட பதப்படுத்தும் முறை.

இன்றும் நாம் பயன்படுத்துவது ஏறத்தாழ 4 வீதப் போமல்டிகைட்டுக் கரைசலையே. அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சிதைவைத் தடுக்கிறது. ஆயினும், இழையத்தினுள் மெல்லவே ஊடுருவும். ஆகவே பெரிய கட்டியைக் கீறித் திறந்து, அதன் கனவளவிலும் குறைந்தது 10 மடங்கு திரவத்தில் இடவேண்டும். மார்பகப் புற்றிழையம் ஒரு மணித்தியாலத்துக்குள் போமலினைச் சேரவேண்டும். 6 முதல் 72 மணித்தியாலம்வரை அதில் ஊறவேண்டும் என்று அமெரிக்க நிபுணர் சங்கங்கள் 2010இல் நெறி வகுத்தன.

இவ்விதிகள் வெறும் சம்பிரதாயமல்ல. கனடாவின் நியூபவுண்லாந்து மாகாணத்தில் 1997 முதல் 2005 வரை நடந்த மார்பகப் புற்றுநோய் ஓமோன் வாங்கிச் சோதனைகளில் 300க்கு மேற்பட்டோருக்குப் பிழையான முடிவு கிடைத்தது. ஓமோன் சிகிச்சையால் பயன்பெறக்கூடியோர் அதனை இழந்தனர். நீதிபதி மார்கிரட் கமரன் 2009இல் அளித்த விசாரணை அறிக்கை, தரக்கட்டுப்பாட்டின் குறைபாடுகளை விரிவாக எடுத்துரைத்தது. இழையம் ஒழுங்காகப் பதப்படுத்தப்படாமையும் அங்கு வெளிப்பட்ட குறைகளுள் ஒன்று.

பிழை நேர்ந்ததும் கடைநிலை ஊழியனைச் சாடுவது எளிது. பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் பணம் ஒதுக்காத நிர்வாகத்தைக் கேள்வி கேட்பவர் யார்?

இன்னுமொன்றை நாம் மறக்கலாகாது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் போமல்டிகைட்டைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் சேர்த்தது. பிறர் நோயை அறிய உதவும் ஊழியர் தாமே அந்நோய்க்கு இலக்காகும் அபாயத்திலே உழைக்கின்றனர். ஆய்வுகூடத்தில் நல்ல காற்றோட்டமும், கைக்குக் கையுறையும், போதிய ஆட்பலமும் கேட்பது சலுகைக்கோரிக்கை ஆகாது. புளூமின் விரல்கள் அன்று உலகுக்கு ஓர் உண்மையைக் காட்டின. இன்று போத்தலில் பெயரெழுதி, நேரங்குறித்து, மூடியிட்டு அனுப்பும் விரல்களைக் காப்பது நம் எல்லோருடைய கடமையுமாகும்.