சட்டிக்குள் கிடந்த ரெண்டு கால்கள்

பறவை பார்க்கப் போவது என்றால் நமக்குத் தெரிந்த காட்சி ஒன்றுதான். விடியலுக்கு முன்பே எழுந்து, பைனாகுலரை மாட்டிக்கொண்டு, கழுத்து வலிக்க வலிக்க மர உச்சியையே பார்த்தபடி நிற்பது. ஆனால் ஆப்பிரிக்க மழைக்காடு ஒன்றில், அதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பறவையை ஆய்வாளர்கள் முதலில் பார்த்தது சமையல் சட்டிக்குள். அதுவும் முழுசாக இல்லை, ரெண்டு கால் மட்டும்!

கொஞ்ச நாளாக இந்தக் கதை என்னை விடவே மாட்டேன் என்கிறது.

இடம், டான்சானியாவின் உட்சுங்வா மலைகள். கென்யாவின் டைட்டா குன்றுகளில் தொடங்கித் தெற்கே வளைந்து போகும் கிழக்கு வளைவு மலைகளின் கடைசிப் பகுதி இது. இந்தியப் பெருங்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மழையாகக் கொட்டும். ஆப்பிரிக்கா காய்ந்து, சமவெளியெல்லாம் புல்வெளியாக மாறிய காலங்களிலும் மலைமேல் இருந்த காடு தப்பித்துக்கொண்டது. அதனால் ஒவ்வொரு மலையும் கடலில்லாத ஒரு தீவு மாதிரி. வேறெங்கும் இல்லாத உயிர்கள் அங்கே தங்கிவிட்டன. 1980களின் தொடக்கத்திலேயே உட்சுங்வாவின் கிழக்குச் சரிவில் ஒரு புதிய தேன்சிட்டு இனத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

1991ல் டென்மார்க் ஆய்வாளர்கள் அங்கே காட்டுக்குள் முகாம் போட்டிருந்தார்கள். ஒரு நாள் சாப்பாட்டுச் சட்டிக்குள் கிடந்த கால்கள் கண்ணில் பட்டன. கோழிக்கால் மாதிரி இல்லை. அவர்களுக்குத் தெரிந்த எந்தக் கவுதாரியின் கால் மாதிரியும் இல்லை. பிறகு தேடிப்போய் உயிருள்ள பறவையைப் பார்த்தார்கள். செம்பழுப்பு முகம், சிவந்த அலகு, உடம்பெல்லாம் பட்டை பட்டையாகக் கோடுகள். காட்டின் தரையில் சருகைக் கிளறித் தின்னும் பறவை. 1994ல் லார்ஸ் டினெசனும் நான்கு சகாக்களும் ‘ஐபிஸ்’ ஆய்விதழில் அதை ஒரு புதிய இனமாக மட்டுமல்ல, புதிய பேரினமாகவே அறிவித்தார்கள். செனோபெர்டிக்ஸ் உட்சுங்வென்சிஸ். முதல் சொல்லுக்கு ‘விசித்திரக் கவுதாரி’ என்று பொருள்.

விசித்திரம் என்ன தெரியுமா? இதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் ஆப்பிரிக்காவிலேயே இல்லை. இமயமலையிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் குன்றுக் கவுதாரிகள்தான் இதற்கு உறவு. இரண்டு கண்டங்களுக்கும் நடுவே காடுகள் தொடர்ந்து இருந்த ஏதோ ஒரு பழங்காலத்தின் மிச்சம் அந்தச் சட்டிக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். அந்தப் பறவையை யாரோ ஒருத்தர் பிடித்திருக்கிறார். இறகு பிடுங்கியிருக்கிறார். நறுக்கிச் சட்டியில் போட்டிருக்கிறார். அது எங்கே மேயும், எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இதெல்லாம் நடக்காது. அப்படியானால் ‘கண்டுபிடித்தது’ யார்? இதே மலைத்தொடரின் உலுகுரு மலையில் கிடைத்த ஒரு சின்னப் பறவைக்கு, 1938ல் ரெஜினால்ட் மோரோ என்ற பறவையியலாளர் தன் மனைவி வினிஃப்ரெட்டின் பெயரை வைத்தார். கவுதாரிக்கு மலையின் பெயர் கிடைத்தது. பிடித்தவருக்கும் சமைத்தவருக்கும் அந்தப் பெயரில் இடமில்லை.

அதற்காக அவரைத் தியாகி ஆக்கவும் முடியாது. இன்றைக்கு இந்தக் கவுதாரிக்கு இருக்கும் ஆபத்துகளில் ஒன்று கண்ணி வைத்துப் பிடிப்பதுதான். உலகத்திலேயே அது வாழ்வது இந்தப் பக்கத்தில் உள்ள சில காடுகளில் மட்டும். அதை நன்றாக அறிந்தவர்தான் அதைத் தின்றவரும்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. 2003ல் டான்சானியாவின் ருங்க்வே மலைப்பகுதியில், நியாக்யூசா வேட்டைக்காரர்கள் கூச்ச சுபாவமுள்ள ஒரு குரங்கைப் பற்றி ஆய்வாளர்களிடம் சொன்னார்கள். ‘கிபுஞ்சி’ என்பது அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர். கட்டுக்கதையோ என்ற சந்தேகம் இருந்தாலும் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். குரங்கு இருந்தது! மறுவருஷம் அதே குரங்கு உட்சுங்வாவின் ந்டுண்டுலு காட்டிலும் தென்பட்டது. அது நம்ம கவுதாரியின் காடேதான். 2005ல் அறிவியல் பெயர் வைக்கும்போது ‘கிபுஞ்சி’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

முதல் தடவை சட்டியைப் பார்த்துத்தான் தெரிந்தது. ரெண்டாவது தடவை, சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்கு முன்னால், அந்த ஊர்க்காரர் ஒருத்தரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம்.