கார்லைல் பள்ளியின் இரட்டைப் படங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்துக் கார்லைல் நகரில், படையினர் காலி செய்துவிட்டுப் போன ஒரு பழைய பாசறையில், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879-ஆம் ஆண்டில் செவ்விந்தியக் குழந்தைகளுக்கென்று ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். குழந்தைகளைக் குலத்தாரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்து, வெகுதூரம் கொண்டுவந்து, வெள்ளையரைப் போலவே வளர்த்துவிட்டால் அந்த ஜாதியாரைப் பற்றிய பிரச்சினையே தீர்ந்துபோகும் என்பது அவருடைய திடமான கொள்கை. கொள்கைக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வாஷிங்டனிலிருந்த காங்கிரஸ் அங்கத்தினர்களும் கிழக்குக் கரைத் தனவந்தர்களும் மனம் இரங்க வேண்டும். அவர்களெல்லாம் ரயிலேறிக் கார்லைலுக்கு வந்து நேரில் பார்ப்பார்கள் என்று காத்திருப்பதற்கில்லை. ஆகவே பள்ளிக்கூடம் படமாகி அவர்களிடம் போயிற்று.

கார்லைல் நகரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜான் சோட் என்பவர், புதிதாக வந்திறங்கிய பிள்ளைகளை அவர்களுடைய சொந்த உடையிலேயே நிறுத்தி ஒரு படமும், சில மாதங்களோ சில வருஷங்களோ கழித்து அதே பிள்ளைகளைக் கத்தரித்த தலையும் சீருடையுமாக உட்கார்த்தி இன்னொரு படமும் எடுத்து, அட்டையில் ஒட்டி ஜோடியாக விற்றார். இவற்றுள் பேர்போனது டாம் டோர்லினோ என்ற நவஹோ இளைஞரின் ஜோடி. 1882-இல் அவர் வந்தபோது எடுத்த படத்தில் தோளில் புரளும் கேசம், காதில் பெரிய வளையங்கள், கழுத்தில் மாலை. மூன்று வருஷம் கழித்து எடுத்ததாகச் சொல்லப்படும் படத்தில் வகிடெடுத்து வாரிய குட்டை முடி, கோட்டு, கழுத்தில் டை. இவ்வளவும் யாரும் பார்த்தவுடன் சொல்லக்கூடியவை. சற்று நேரம் உற்றுப் பார்ப்பவருக்குத்தான் மேனியின் நிறமும் வெளுத்திருப்பது தெரியும். படிப்பு தோலின் நிறத்தை மாற்றியதாக நாம் கேட்டதில்லை. அக்காலத்துத் தகடுகள் நீல ஒளியை வாங்கிக்கொண்ட அளவுக்குச் செந்நிறத்தை வாங்காதவையாதலால், வெயிலில் காய்ந்த மேனி அவற்றில் இயல்பிலும் கறுத்தே விழும். ஒளியை எதிரிலிருந்து தாராளமாகப் பாய்ச்சினால் அதே முகம் வெளுத்துவிடும். முதற்படத்தின் இருட்டில் ஒரு பங்கும் இரண்டாம் படத்தின் வெளிச்சத்தில் ஒரு பங்கும் ஸ்டூடியோவின் கைங்கரியமென்று சரித்திர ஆசிரியர்கள் கருதுவதில் தவறில்லை.

பள்ளியின் அச்சுக்கூடத்திலிருந்து வாரந்தோறும் வெளிவந்த ‘இந்தியன் ஹெல்ப்பர்’ என்ற சிறு பத்திரிகைக்கு வருஷச் சந்தா பத்து சென்ட். பத்துச் சந்தாதாரர்களைச் சேர்த்துக் கொடுப்பவருக்கு, நம் பத்திரிகைகள் காலண்டர் கொடுத்ததுபோல், இத்தகைய ஜோடிப் படங்கள் இனாம். நவஹோ ஒருவர் வந்த கோலத்தையும் பிறகு மாறிய கோலத்தையும் காட்டும் படங்கள், இன்னும் பெரிய வித்தியாசத்தைக் காட்டுபவை என்ற சிபாரிசோடு அந்த விளம்பரத்திலேயே இடம்பெற்றன. வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குச் சரக்கு உயர்ந்தது.

யுத்தக் கைதிகளான அப்பாச்சியரின் பிள்ளைகள் பதினொருவர், புளோரிடாவிலிருந்த மேரியன் கோட்டையிலிருந்து 1886 நவம்பரில் வந்து சேர்ந்தார்கள். கலைந்த தலையும் கசங்கிய உடையுமாக நின்ற அவர்கள், இரண்டாம் படத்துக்காக வாரி முடித்து உட்கார வைக்கப்பட்டபோது நான்கே மாதம் ஆகியிருந்தது. நான்கு மாதத்தில் ஒரு குழந்தை எந்தத் தொழிலைக் கற்றுவிடும்? சட்டையை மாற்றுவதற்கு ஒரு நாள் போதும்.

இரண்டு படங்களுக்கும் இடையே நடந்ததை அறிய வேண்டுமானால் எழுத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. முதல் வருஷமே அங்கே சேர்ந்த லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற லக்கோட்டாச் சிறுவர், பிற்காலத்தில், 1928-இல், தம் வரலாற்றை எழுதினார். கரும்பலகையில் கிறுக்கியிருந்தவை பெயர்கள் என்றுகூட அறியாத பிள்ளைகளின் கையில் ஒரு கோலைக் கொடுத்து எதையாவது தொடச் சொன்னதையும், தொட்டது எதுவோ அதுவே அவரவர் பெயராக வெள்ளை நாடாவில் எழுதப்பட்டுச் சட்டையின் முதுகில் தைக்கப்பட்டதையும், பின்பு ஒவ்வொருவராக அழைத்துப் போய்க் கூந்தலைக் கத்தரித்ததையும் அவர் சொல்கிறார். லக்கோட்டா மக்களிடையே முடியை வெட்டிக்கொள்வது துக்கத்தின் அடையாளம். இதில் எதுவும் சோட்டின் தகட்டில் விழவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய டாக்டர் பர்னார்டோவும் இதே வகைப் படங்களை விற்று நிதி திரட்டினார். முதற்படத்தின் வறுமை ஜோடனை செய்யப்பட்டதென்ற புகார் எழுந்து, 1877-இல் மத்தியஸ்தர்கள் விசாரித்து, அவர்மீது கூறப்பட்ட ஏனைய குற்றங்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டாலும், இந்தப் படங்களைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் கார்லைலுக்கும் பொருந்தும்.

கார்லைல் பள்ளி 1918-இல் மூடப்பட்டது. அங்கே சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பள்ளியின் இடுகாட்டில் 180-க்கு மேற்பட்ட பிள்ளைகள் அடக்கமாயினர். 2017-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க ராணுவம் அவர்களில் பலருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, குலத்தாரிடம் ஒப்படைத்து வருகிறது.